முப்பது கோடு போதும்

எங்கள் தெருவில் பட்டப்பகலில் ஒரு வீட்டின் முன் ஜன்னல் திரையை இழுத்து மூடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே யாரோ செத்துப்போயிருக்கிறார்கள். சவப்பெட்டி வாசலைத் தாண்டும்வரை அந்தத் திரை திறக்காது. எதிர்வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மரியாதைக்காகத் தங்கள் திரையைப் பாதி இறக்கிவிடுவார்கள். இங்கிலாந்தின் வடக்கே, நெசவாலை ஊரான எங்கள் பர்ன்லியில் நடக்கப் பழகாத குழந்தைக்குக்கூட இது தெரியும். என் அப்பா ஆமோஸ் கிளெக்குக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் வீட்டுத் திரையைச் சர்ரென்று இழுத்து மூடினார்.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை. எதிர்வீட்டு பெஸ்ஸி அத்தை கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு தட்டு நிறையப் பன்றித் தொடைக்கறியுடன் வந்து நின்றாள். இழவு வீட்டுக்கு அதுதான் கொண்டுவருவார்கள். அவ்வளவு சீக்கிரத்தில் அவளுக்கு அது எங்கே கிடைத்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அம்மா அப்போது ஒரு வருஷமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அத்தை முன்னாலேயே வாங்கி வைத்திருந்தாளோ என்னவோ.

"ஐயோ ஹன்னா! போயிட்டியாடி! நேத்துக்கூட வாசல்ல நின்னு பேசினியேடி!" என்று பெஸ்ஸி அத்தை வாசலிலேயே ஆரம்பித்தாள்.

உள்ளே இருட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான் எங்கயும் போகல. உள்ள வரதுன்னா வா, இல்லன்னா கதவச் சாத்து. வெளிச்சம் வருதில்ல?"

அத்தை தட்டோடு உள்ளே வந்தாள். மேஜைமேல் அப்பா செய்த பெட்டி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு கண்ணாடிவில்லை. வில்லைக்குள் இரண்டு விரல் அகலம், நான்கு விரல் உயரத்தில் செக்கச்சிவந்த ஒரு வெளிச்சம். அதற்குள் ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது? அடுப்புக்குள்ள யாரோ குதிக்கிற மாதிரி இருக்கு."

"நல்லாப் பாரு. அது நம்ம லெட்டி" என்றாள் அம்மா.

பெஸ்ஸி அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அன்று மத்தியானம் நாங்கள் எல்லோரும் அந்தப் பன்றித் தொடைக்கறியைச் சாப்பிட்டோம். அம்மாதான் அதிகம் சாப்பிட்டாள். தன் கருமாதிச் சாப்பாட்டைத் தானே சாப்பிடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

லெட்டி என் தங்கை. பதினெட்டு வயதில், ஊருக்கு வந்த ஒரு நாட்டியக் கோஷ்டியோடு லண்டனுக்குப் போய்விட்டாள். அப்பா தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர். மகள் முழங்கால் தெரிய மேடையில் ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டதும், "இனிமே அவ இந்தப் படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் வாசற்படி என்பது சாதாரண விஷயமில்லை. வாரம் தவறாமல் மண்டி போட்டு, தண்ணீர் ஊற்றி, வெள்ளைக்கல்லால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்போம். ஆறு வருஷமாக அந்தப் படியைத் தேய்த்தவள் நான். மிதிக்கக் கூடாதவள் அவள். அம்மா நினைத்து ஏங்கியது அவளைத்தான். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அம்மாவின் நெஞ்சு முப்பது வருஷம் தறிக்கூடத்தில் பஞ்சுத்தூசியை விழுங்கிய நெஞ்சு. தேறாது என்று டாக்டர் என்னிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டார். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாகறதுக்குள்ள நம்ம லெட்டி இந்த வீட்டுக்குள்ள வரணும் ஆமோஸ். நீ ஒரு வரி எழுதிப் போடு."

"கேக்கட்டும். அவ வாயத் திறந்து கேக்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்பார் அப்பா.

நான் ரகசியமாக லெட்டிக்கு எழுதுவேன். அவளிடமிருந்து பதில் வரும்: 'போகச் சொன்னது அவர். கூப்பிட வேண்டியதும் அவர்தான்.' அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண். இரண்டு வீம்புகளுக்கு நடுவில் தபால்காரி வேலை பார்த்தது நான்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பெட்டி வந்தது. லண்டனிலிருந்து ரேடியோ அலையில் குரலோடு படத்தையும் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்த, டெலிவிஷனின் தொடக்க காலம் அது. ஆலை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பா தறி மேஸ்திரி. எந்தத் தறி எங்கே முரண்டு பிடிக்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிறவர். கைக்கு வேலையில்லாமல் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தார். மாதப் பத்திரிகை ஒன்றில் வந்த படத்தைப் பார்த்து, ஒரு தகரத் தகட்டில் சுருளாக முப்பது துளை போட்டு, மோட்டாரில் பூட்டி, பின்னால் ஒரு சிவப்பு விளக்கை வைத்தார். தகடு சுற்றும்போது ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு கோடு வரையும். முப்பது கோடு சேர்ந்தால் ஒரு முகம். படத்துக்கு ஒரு ரேடியோ, குரலுக்குப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இன்னொரு ரேடியோ. லண்டனில் சுற்றுகிற தகடும் எங்கள் வீட்டில் சுற்றுகிற தகடும் ஒரே வேகத்தில் போக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் படம் நழுவும். கால் மேலே வரும், தலை கீழே போகும். அப்பா தகட்டின் ஓரத்தில் கட்டைவிரலை லேசாக வைத்து அழுத்தியே படத்தை நிறுத்துவார்.

அவர் இதையெல்லாம் பொழுதுபோக்குக்காகத்தான் செய்தார். லெட்டி அதில் ஆடப்போகிறாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் எழுதியிருந்தாள். முகத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, உதட்டுக்குக் கறுப்பு மை, புருவம் இரண்டும் விரல் கனத்துக்கு. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். நான் அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. அந்த முதல் வெள்ளிக்கிழமை, வில்லைக்குள் அவள் முகம் தெரிந்ததும் அப்பாவின் கட்டைவிரல் நழுவியது. படம் ஒரு குட்டிக்கரணம் போட்டது. பிறகு விரலைத் திரும்ப வைத்தார். பெட்டியை அணைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தப் பெட்டிக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதே அவர் வேலையாகிவிட்டது. "மோட்டார் சூடாகுது, அதப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்பார். மோட்டாரைப் பார்க்கிற மனுஷன் எதற்காக வெள்ளிக்கிழமை காலையில் கழுத்துப்பட்டி கட்டுகிறார்?

பெஸ்ஸி அத்தை புண்ணியத்தில் விஷயம் தெருவெங்கும் பரவியது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கிளெக் வீட்டுத் திரை மூடினால் சாவு இல்லை, லெட்டி ஆடுகிறாள் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. ரொட்டிக்காரன்கூட, "என்ன மார்த்தா, இன்னிக்கு உன் தங்கச்சி தலகீழா ஆடினாளா, நேரா ஆடினாளா?" என்று கேட்பான்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஆயிரம் தறி ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவளின் குரல்கூடக் கேட்காது. அதனால் எங்கள் ஊர் நெசவுப் பெண்களுக்கு உதட்டுப் பேச்சு உண்டு. சத்தம் இல்லாமல், வாயை நன்றாக அசைத்துப் பேசுவோம். கூடத்தின் இந்தக் கோடியில் இருப்பவள் அந்தக் கோடியில் இருப்பவளோடு ஊர்வம்பு முழுக்கப் பேசி முடித்துவிடுவாள். அம்மாவுக்கு அது தாய்மொழி மாதிரி. அப்பாவுக்கும் தெரியும். லெட்டியும் இரண்டு வருஷம் தறியில் நின்றவள்தானே.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. வீட்டில் எல்லோரும் பார்க்கிறோம் என்று நான் லெட்டிக்கு எழுதியிருந்தேன். ஆட்டம் முடிந்து அவள் முன்னால் வந்து நின்றாள். வில்லை முழுக்க அவள் முகம். குரல் ரேடியோவில் பியானோ மட்டும் கேட்டது. ஆனால் அவள் உதடு அசைந்தது. வெள்ளை முகத்தில் கறுப்பு உதடு, எழுத்து மாதிரித் தெளிவாகத் தெரிந்தது.

அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மார்த்தா! மருந்து குடிச்சியான்னு கேக்கறா!"

"குடிச்சேன்னு சொல்லு" என்றேன் நான், முட்டாள் மாதிரி.

அம்மா உதட்டை அசைத்துப் பதில் சொன்னாள். லண்டனிலிருந்து வரும் படத்துக்கு பர்ன்லியிலிருந்து என்ன தெரியும்? ஆனாலும் ஒவ்வொரு வாரமும் சொன்னாள். சாப்பிட்டியா, தூங்கினியா, மார்த்தா உன்னத் திட்டுறாளா என்று லெட்டி அரை நிமிஷத்துக்குள் கேட்பாள். அம்மா வாரம் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்பா தகட்டிலிருந்து விரலை எடுக்க மாட்டார், கண்ணையும் எடுக்க மாட்டார். அப்பாவைப் பற்றி லெட்டி ஒரு நாளும் கேட்கவில்லை. அப்பா ஒவ்வொரு வாரமும் அதற்காகக் காத்திருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு நாள் அம்மா மறுபடி ஆரம்பித்தாள். "ஒரு வரி எழுதேன் ஆமோஸ்."

"எதுக்கு? அதான் வாராவாரம் வந்துட்டுப் போறாளே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த இரண்டு விரல் வெளிச்சம் அவருக்குப் போதுமாக இருந்தது. மன்னிக்காமலே மகளைப் பார்க்கலாம், படியை மிதிக்கவிடாமலே வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டி எங்களுக்குச் செய்த கெடுதல் அதுதான். அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

மறு வருஷம் செய்தித்தாளில் வந்தது. லண்டனில் பெரிய மனிதர்கள் கமிட்டி போட்டு உட்கார்ந்து, முப்பது கோடு போதாது என்று முடிவு செய்துவிட்டார்களாம். இனிமேல் இருநூற்று நாற்பது கோடாம். இல்லை, நானூற்று ஐந்து என்கிறது இன்னொரு கம்பெனி. ஒருவனுடைய பெட்டியில் மற்றவனுடைய படம் வராது. அதனால் ஒரு வாரம் இவன், மறு வாரம் அவன் என்று மாற்றி மாற்றி ஒளிபரப்பிப் பார்த்து, எது ஜெயிக்கிறதோ அதை வைத்துக்கொள்வார்களாம். எது ஜெயித்தாலும் படம் லண்டனைச் சுற்றி முப்பது நாற்பது மைலுக்குமேல் போகாதாம். முப்பது கோட்டுப் படம் செப்டம்பரோடு நிற்கும். புதியது எப்போது ஆரம்பிக்கும் என்று யாருக்கும் தெரியாது. புது வீட்டுக்கு அஸ்திவாரம்கூடப் போடாமல் பழைய வீட்டின் கூரையைப் பிரிக்கிற புத்திசாலித்தனத்தை நான் அதில்தான் பார்த்தேன்.

அப்பா அந்தச் செய்தியை நான்கு முறை படித்தார்.

"முப்பது இழைன்னா சாக்கு. இருநூத்தி நாப்பதுன்னா வேட்டித்துணி. நானூத்தி அஞ்சுன்னா ராணிக்குக் கைக்குட்டை. எனக்குத் தெரியாதா நெசவு? நல்லது கெட்டது எனக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்து, "ஆனா குளிர்ல நடுங்கறவனுக்குச் சாக்குதானய்யா போர்வை! கைக்குட்டை வரப்போகுதுன்னு இருக்கறதப் பிடுங்குவானா? அவ மூஞ்சி தெரியறதுக்கு முப்பது கோடு போதும்!" என்று மேஜையைக் குத்தினார்.

அன்றுதான் ஆறு வருஷத்துக்குப் பிறகு லெட்டியின் முகம் வேண்டும் என்று தன் வாயால் சொன்னார். அம்மா அதைக் கவனித்தாள்.

அவர் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். 'ஐயா, நீங்கள் எத்தனை கோடு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையில் அரைமணி நேரம் மட்டும் பழைய முப்பதை விட்டுவையுங்கள். என் மனைவிக்கு உடம்பு சரியில்லை.' அதற்கு அழகாகத் தட்டச்சு செய்த பதில் வந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, முன்னேற்றத்தை முன்னிட்டு இது தவிர்க்க முடியாதது என்று இரண்டு வரி. பதில் போட்டார்களே, அதுவரைக்கும் மரியாதை. அப்பா அதை மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். பிறகு புதிதாக ஒரு தகடு வாங்கி இருநூற்று நாற்பது துளைக்குப் புள்ளி குறிக்க உட்கார்ந்தார். அறுபதாவது புள்ளியில் கண் கூசி, பென்சிலை வைத்துவிட்டார். துளை போட்டாலும் என்ன, அலையே எங்கள் ஊர்வரைக்கும் வராது.

லெட்டியும் எழுதினாள். 'புதிய பெட்டியில் எங்களுக்கு இடமில்லை. அந்தக் கம்பெனிக்கு ஒரு மாதிரி முகப்பூச்சு, இந்தக் கம்பெனிக்கு வேறு மாதிரியாம். ஆட்களும் புதிதாக எடுப்பார்கள். கடைசி வெள்ளிக்கிழமை நான் ஆடுகிறேன். அம்மா எப்படி இருக்கிறாள்? மறைக்காமல் எழுது.'

மறைக்காமல் எழுதினேன்: 'நீ அவளைப் பார்க்க வேண்டும் என்றால் வீம்பை விடு. அப்பா பாதி இறங்கியிருக்கிறார். நீ ஒரு வார்த்தை கேள். கேட்டால் விழுந்துவிடுவார்.'

கடைசி வெள்ளிக்கிழமை அம்மாவால் மாடிப்படி இறங்க முடியவில்லை. அப்பா அவளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் வைத்தார். எடையே இல்லை என்று என்னிடம் உதட்டால் சொன்னார், அம்மாவுக்குத் தெரியாமல். அவள் பார்த்துவிட்டாள். "இத்தன வருஷம் என்னை வச்சுக் குப்ப கொட்டினியே, இப்பவாவது சுமக்கறதுக்கு லேசா இருக்கேனே" என்றாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. நான் திரையை இழுத்து மூடினேன்.

லெட்டி கப்பல்காரன் உடையில் ஆடினாள். படம் அன்று சண்டித்தனம் செய்தது. இரண்டு முறை நழுவியது. அப்பா மண்டியிட்டுத் தகட்டுப் பக்கமே குனிந்திருந்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்தது. பியானோ வாசித்துக்கொண்டிருந்தது. லெட்டி முன்னால் வந்தாள். எப்போதும்போல் அம்மாவிடம் மருந்தைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

கறுப்பு உதடு அசைந்தது.

'அப்பா. வீட்டுக்கு வரட்டுமா?'

ஒரு முறை. பிறகு இன்னும் மெதுவாக, தறிக்கூடத்தில் தூரத்தில் நிற்பவளுக்குச் சொல்வதுபோல், இன்னொரு முறை. 'அப்பா. வரட்டுமா?'

"வாம்மா" என்றார் அப்பா. சத்தமாக, பெட்டியைப் பார்த்து. "வா கண்ணு. வா. உடனே வா." லெட்டி ஒரு கணம் பார்த்துக்கொண்டே நின்றாள், எங்களை. பிறகு படம் மேலே நழுவிப் போயிற்று. அறிவிப்பாளர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். விளக்கு வெறும் சிவப்பாக எரிந்தது.

அப்பா முழங்காலில் இருந்தபடியே திரும்பினார். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார். "ஹன்னா, பாத்தியா? கேட்டுட்டா. அவளே கேட்டுட்டா. இப்பவே போய்த் தந்தி அடிக்கிறேன், சரிதானே? ஹன்னா?"

என் கைக்குக் கீழே அந்தத் தோள் வெறுமனே இருந்தது. எப்போது அப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நானும் படத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் கண் வில்லையைப் பார்த்தபடி திறந்திருந்தது. அவள் அந்தக் கேள்வியைப் படித்தாளா, படிக்கும் முன்பே போய்விட்டாளா? அப்பா சாகும்வரை என்னிடம் இதையே கேட்டார். படித்தாள் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

வெகுநேரம் கழித்து அப்பா எழுந்து மோட்டாரை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லாத. லெட்டிக்குத் தெரியறதுக்கு முன்னாடி இந்தத் தெரு அழக்கூடாது. அவதான் முதல்ல தெரிஞ்சுக்கணும்."

தந்திக்கு ஒரு தாளில் அவரே எழுதிக் கொடுத்தார். 'வீட்டுக்கு வா. அப்பா.'

"அம்மாவப் பத்தி?"

"அத காகிதத்துலயா சொல்றது? நேர்ல சொல்லிக்கிறேன்."

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் திரை மூடியே இருந்தது. பெஸ்ஸி அத்தை தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி மார்த்தா, கடைசி ஆட்டம் எப்படி? உங்கம்மா கைதட்டினாளா?"

"ம்" என்றேன்.

"முடிஞ்சும் திரையத் திறக்க மனசு வரலையாக்கும் உங்கப்பனுக்கு! நாளையிலேர்ந்து என்ன பண்ணப்போறாராம், என் மூஞ்சியப் பாக்கச் சொல்லு, காசு கேக்க மாட்டேன்!"

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். தபால் நிலையம் போகிற வழியில் ரொட்டிக்காரன் கேட்டான், மீன் கடைக்காரி கேட்டாள், ஆலை வாசலில் வேலையில்லாமல் நின்ற நாலு பேர் "ஒன் தங்கச்சி இனிமே நானூறு கோடு போட்ட பாவாட கட்டுவாளாமே!" என்று கத்தினார்கள். எல்லோருக்கும் பதில் சொன்னேன். தாயை நாற்காலியில் பிணமாக வைத்துவிட்டு ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டு போனவள் நான் ஒருத்திதான். அப்பாவின்மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுக்க ஆறவில்லை.

மத்தியானம் நானும் அப்பாவுமே அம்மாவைக் குளிப்பாட்டினோம். நல்ல உடுப்பைப் போட்டு முன்னறையிலேயே படுக்க வைத்தோம். மற்ற வீடு என்றால் அதற்குள் வாசலில் இருபது பேர் நின்றிருப்பார்கள். தேநீர் வைக்க, அழ, நாற்காலி கொண்டுவர என்று ஆள் வந்திருக்கும். எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. மூடிய திரையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு சிரிப்பும் உள்ளே கேட்டது. கேட்டபோதெல்லாம் அப்பா அம்மாவின் காதைக் கையால் மூடினார்.

அந்தத் தந்தி லெட்டியின் கைக்குப் போய்ச் சேரவேயில்லை. அது அவள் அறை வாசலில் கிடந்தபோது அவள் ரயிலில் இருந்தாள். ஆட்டம் முடிந்ததும் முகப்பூச்சை அரைகுறையாகத் துடைத்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். பதில் வர வழியில்லாத இடத்தில் கேள்வியைக் கேட்டுவிட்டோம், வாசலில் நின்று பதிலை வாங்கிக்கொள்வோம் என்று கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும், நல்ல வெளிச்சம். தெருவில் கட்டைச் செருப்புச் சத்தத்துக்கு நடுவே குதிகால் செருப்பின் சத்தம் கேட்டது. அப்பா தலையைத் தூக்கினார். பெஸ்ஸி அத்தை, "அடியே! லெட்டி! பெட்டிக்குள்ளேர்ந்து எறங்கி வந்துட்டியா!" என்று கூவுவது கேட்டது. செருப்புச் சத்தம் எங்கள் வாசலில் நின்றது. உள்ளே வரவில்லை, கதவைத் தட்டவில்லை. பிறகு அவள் குரல். ஆறு வருஷத்துக்குப் பிறகு, வெறும் உதட்டசைவாக இல்லாமல், அவள் குரல்.

"என்ன வீடுடா இது! ஆறு மணிவரைக்குமா திரைய மூடி வச்சுப் பாப்பீங்க? நான் இங்க தெருவுல நிக்கிறேன், உள்ள யாரப் பாத்துக்கிட்டிருக்கீங்க?"

அப்பா கதவைத் திறந்தார்.

லெட்டி படிக்குக் கீழே நின்றிருந்தாள், ஒரு கையில் துணிப்பெட்டியோடு. காதோரத்தில் வெள்ளைப்பூச்சு இன்னும் ஒட்டியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கால் அந்தப் படியைத் தொடவில்லை. "கேட்டேனே, படிச்சீங்களா அப்பா?" என்றாள்.

அப்பா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது, பெரிதாக, மெதுவாக, தறிகள் ஓடிக்கொண்டிருப்பதுபோல.

'அம்மா போயிட்டா.'

லெட்டியின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அவள் உதடு கேட்டது: 'எப்போ?'

'நீ கேட்டப்போ.'

லெட்டியின் கையிலிருந்த பெட்டி தெருவில் விழுந்தது. படியில் ஏற அவளுக்குக் கால் வரவில்லை. அப்பாதான் கீழே இறங்கிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டார்.

எதிர்வீட்டு வாசலில் நின்ற பெஸ்ஸி அத்தையும் நாற்பது வருஷம் தறியில் நின்றவள். சத்தமில்லாமல் சொன்னாலும் அவளுக்குக் கேட்கும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டு ஜன்னலில் திரை பாதி இறங்கியது.